மறுபடியும் எஞ்சினைப் பிரிக்காதீர்கள்: கட்டி முடித்த காஸ்ட் அயர்ன் புல்லட் மக்கர் பண்ணினால் எங்கிருந்து தேடுவது

ராயல் என்ஃபீல்டின் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு பிளாக்) புல்லட் 350 எங்கள் பக்கத்து வண்டி. திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்தது, அதனால் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒன்றாவது நிற்கும். 70 எம்எம் போர், 90 எம்எம் ஸ்ட்ரோக், 346 சிசி. 2010ஐ ஒட்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக இருக்கும் யூசிஇ எஞ்சின் வந்த பிறகு இந்தப் பழைய எஞ்சின் நின்றுபோனது. ஆகவே இன்று ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை ஒரு தடவையாவது பிரித்துக் கட்டியவைதான்.

கட்டும்போது பழையபடியே கட்ட யாருக்கும் மனசு வருவதில்லை. போரைப் பெரிதாக்கிப் போடும் 40 சைஸ், 60 சைஸ் பிஸ்டன், ஹெட்டில் போர்ட் வேலை, 28 எம்எம் கார்ப்ரேட்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பிளாட்டினம் பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று ஆசை ஆசையாகச் செலவு செய்கிறார்கள். கடைசியில் வண்டி பழைய அளவுக்குக்கூட ஓடாமல் என் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஹெட்டைக் கழட்டிடலாமாண்ணா?"

வேண்டாம். நான் பார்த்த வண்டிகளில் முக்கால்வாசி தப்பு எஞ்சினுக்கு வெளியே இருந்தது. ஒரு ஒயர், ஒரு கேஸ்கட், இறுக்கமாக நிற்கும் ஒரு கேபிள். ஹெட்டைத் திறந்தால் அந்தத் தப்பு அப்படியே இருக்கும், கூடவே புதுசாக இரண்டு சேரும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாததில் தொடங்கி, கையைக் கடிப்பது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

கிக்கரில் கால் வைக்கும் முன்

ஒரு தாளில் இந்த வேலையில் கை பட்ட இடங்களையெல்லாம் எழுதுங்கள். புதுசாகப் போட்டது, கழற்றி மாட்டியது, பெயின்ட் அடித்தது எல்லாமே. தப்பு அநேகமாக அந்தத் தாளுக்குள்தான் இருக்கும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஜெட்டையும் (கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை) மாற்றி டைமிங்கையும் (ஸ்பார்க் வரும் நேரம்) நகர்த்தினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபில்லர் கேஜ், இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் பல்பு, மல்டிமீட்டர், புது பிளக் ஒன்று, ஜூஸ் குடிக்கும் நீள ஸ்ட்ரா ஒன்று. பிஸ்டன் மேலே வந்ததா என்று பிளக் ஓட்டை வழியாகப் பார்க்க ஸ்ட்ராதான் நல்லது. ஸ்போக் கம்பியை விட்டால் சாய்ந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டு பிஸ்டன் தலையைக் கீறிவிடும்.

ஆயில் விஷயம் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால். புதுசாகக் கட்டிய எஞ்சினில் ஆயில் வழிகள் காலியாக இருக்கும். ஃபில்டர் அறையில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மூடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்சோ போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், அங்கே ஆயில் கசிந்து வர வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஃபில்டரின் வாஷர், ஸ்பிரிங் வரிசை மாறியிருக்கலாம், கிராங்க் முனைக்கு ஆயில் கொடுக்கும் இடத்து சீல் போடாமல் விட்டிருக்கலாம், பம்ப் சரியாக உட்காராமல் இருக்கலாம். இது தெரியாமல் "ஓடட்டும், தானா வந்துடும்" என்று ரேஸ் கொடுத்தால் முதலில் போவது பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கில் சேரும் பேரிங்), அதற்கு மொத்த கிராங்க்கும் வெளியே வர வேண்டும்.

அறிகுறி 1: எத்தனை கிக் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் ஒட்ட வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், பெட்ரோல் ஆவி அங்கிருந்துதான் பீறிட்டு வரும். இதில் பாதை மூன்றாகப் பிரியும்.

*ஸ்பார்க் இல்லை, அல்லது மஞ்சளாகச் சோகையாக இருக்கிறது*

முதல் சந்தேகம் எர்த். காசிமேட்டுத் தம்பி ஒருவர் மூன்று நாள் கிக் அடித்துக் கால் வீங்கிப் போய் வந்தார். காயில் புதுசு, எலக்ட்ரானிக் யூனிட் புதுசு, பேட்டரி புதுசு. ஹாரனை அழுத்தினேன், முனகியது. ஹெட்லைட் எண்ணெய் விளக்கு மாதிரி எரிந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி நெகட்டிவ் ஒயரின் வளையம் சேஸில் போல்ட் போட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் சேஸ் முழுக்கக் கறுப்பு பவுடர் கோட்டிங். போல்ட்டைக் கழற்றி, ஒரு ரூபாய் காசு அளவுக்கு பிளேடால் சுரண்டினேன். கோட்டிங் தோல் தோலாக உரிந்து, கீழே வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. வளையத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மறுபடி இறுக்கினேன். இரண்டாவது கிக்கில் வண்டி ஓடியது. எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளிலும் இதே கதை நடக்கும், அதனால் பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேராகத் தனி ஒயர் ஒன்று இழுத்துவிடுவது என் பழக்கம். கடல் காற்று அடிக்கிற பக்கத்தில் சுரண்டிய இரும்பை வெறுமனே விடாதீர்கள், வாசலின் அதற்குத்தான்.

எர்த் சரி என்றால், சாவியைப் போட்டு காயிலின் பிளஸ் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் இக்னிஷன் சுவிட்சோ நடுவில் உள்ள கனெக்டரோ தின்கிறது. பாயிண்ட் வண்டியாக இருந்தால் கேப் 0.35 முதல் 0.40 எம்எம், புது பாயிண்டில் பாதுகாப்புக்குத் தடவி வரும் மெழுகைப் பெட்ரோல் நனைத்த தாளால் துடைக்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவிலேயே நீல நெருப்பு பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. எலக்ட்ரானிக் வண்டியில் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், சாதா கேப் போட்டால் சில யூனிட்டுகள் குழம்பிவிடும். இத்தனையும் பார்த்த பிறகுதான் காயில், கடைசியில்தான் யூனிட். இந்த இரண்டையும் வாங்கும் முன் நண்பர் வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பாருங்கள்.

*ஸ்பார்க் நன்றாக இருக்கிறது*

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேங்க் காக், ஃபில்டர், ஃப்ளோட் ஊசி. பெயின்ட் கடையில் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும், அந்தச் செம்பொடி நேராக ஸ்லோ ஜெட்டில் போய் உட்காரும். பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஃப்ளோட் மட்டம் அதிகம், அல்லது சோக்கை எடுத்தும் அது விடாமல் போட்டபடியே நிற்கிறது. நனைந்த பிளக்கைத் துடைத்துப் போடுவதைவிடப் புதுசு போட்டுப் பாருங்கள்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் இருந்து கார்ப்ரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடிக்கிறதா? டைமிங் வைத்தவர் பிஸ்டன் மேலே வந்ததைப் பார்த்தார், எந்தச் சுற்றில் மேலே வந்தது என்று பார்க்கவில்லை. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் சுற்றில் வரும் மேல் புள்ளிதான் சரியானது. மாற்றுச் சுற்றில் வைத்தால் ஸ்பார்க் அழகாக வரும், வண்டி மட்டும் ஜென்மத்துக்கும் ஓடாது.

*கிக்கர் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது*

கம்ப்ரஷன் இல்லை. பயப்படாதீர்கள், முதலில் டீகம்ப்ரஸர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) கேபிளைக் கழற்றிவிட்டு மிதியுங்கள். அழுத்தம் திரும்பி வந்தால் கேபிளில் லூஸ் விடாமல் கட்டியதுதான் தப்பு. புது ஹேண்டில்பார் போட்ட வண்டியில் இது அடிக்கடி வரும்.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் புஷ் ராடின் இடைவெளி. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, காற்று விரலைத் தள்ளும் அதே சுற்றின் மேல் புள்ளியில், டேப்பெட் மூடியைத் திறந்து இரண்டு புஷ் ராடையும் இரண்டு விரலால் திருப்புங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. வால்வு சீட் வெட்டிய ஹெட்டில் வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு மேலே ஏறியிருக்கும். பழைய அளவிலேயே புஷ் ராடை விட்டால் வால்வு மூடவே மூடாது.

இரண்டும் சரி என்றால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, நாலைந்து தடவை மெதுவாகச் சுற்றிவிட்டு மறுபடி மிதியுங்கள். கிக்கர் கெட்டியானால் ரிங் பக்கம், கெட்டியாகவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம். கட்டி 500 கிலோமீட்டர் கூட ஓடாத வண்டியில் ரிங் இன்னும் உட்கார்ந்திருக்காது, அதனால் கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். சுத்தமாகவே இல்லாமல் இருந்தால்தான் ஹெட் வெளியே வர வேண்டும், அது பட்டறை வேலை.

அறிகுறி 2: கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது

டைமிங் அட்வான்ஸ் அதிகம், அதாவது ஸ்பார்க் சீக்கிரமே வந்துவிடுகிறது. மறுபடி மிதித்துப் பார்க்காதீர்கள், கணுக்கால் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கும், வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்னே நகர்த்தும் ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டி விரிந்தபடியே நிற்கின்றனவா பாருங்கள். கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். அது சரி என்றால் மேனுவலில் உள்ள அளவுக்கு டைமிங்கைப் புதுசாக வையுங்கள். பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்டிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்து, சாவி போட்டுத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் வைத்த டைமிங்கை நம்பாதீர்கள்.

அறிகுறி 3: ஸ்டார்ட் ஆகிறது, ஸ்லோ நிற்க மாட்டேன் என்கிறது

பெரிய கார்ப்ரேட்டர் மாற்றிய வண்டிகளின் நோய் இது. சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும், அல்லது சிக்னலில் தானாக ரேஸ் ஏறும். எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

ஸ்லோவில் ஓடவிட்டு, கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயிலும் இதைப் பார்க்கலாம், ஆனால் அது தீப்பிடிக்கும், சூடான பைப் பக்கம் போகவே கூடாது.

28 எம்எம் கார்ப்ரேட்டரை மாட்ட லேத்தில் அலுமினியத்தில் ஒரு அடாப்டர் கடைந்து தருவார்கள். ஒரு வண்டியில் மூன்று கேஸ்கட் மாற்றியும் ஸ்லோ நிற்கவில்லை, மேலே பேஸ்ட் வேறு அப்பியிருந்தார்கள். அடாப்டரைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, முகத்தைக் கீழே வைத்து எட்டு போடுவது மாதிரி பத்துத் தடவை தேய்த்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு போல்ட் காதுகளின் பக்கம் மட்டும் பளபளத்தது, நடுவில் ஓட்டையைச் சுற்றி மங்கலாகவே இருந்தது. ஒழுகுகிறது என்று நினைத்து இறுக்கி இறுக்கியே காதுகள் வளைந்திருக்கின்றன. முகம் முழுவதும் ஒரே மாதிரி மின்னும் வரை தேய்க்க அரை மணி நேரம் ஆனது, ஒரு சாதா கேஸ்கட் போட்டதும் ஸ்லோ டுக் டுக்கென்று நின்றது. இதற்கு ஆன செலவு ஒரு எமரித் தாள்.

காற்று திருட்டு இல்லை என்று உறுதியான பிறகே ஏர் ஸ்க்ரூவைத் தொடுங்கள். விஎம் வகைக் கார்ப்ரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் கலவை கூடும், வெளியே எடுத்தால் குறையும். முழுக்க மூடிவிட்டு ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து ரேஸ் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். கிட்டத்தட்ட மூடினால்தான் சரியாகிறது என்றால் ஸ்லோ ஜெட் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும், மூன்று சுற்றுக்கு மேல் திறக்க வேண்டி வந்தால் ஒரு சைஸ் சின்னது.

அறிகுறி 4: பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டிய நோய், வீட்டுக்குத் தள்ளி வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் பிளக் ஸ்பேனரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று இழுத்து, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. பெயின்ட் அடித்தபோது அடைத்திருப்பார்கள், ஒரு குண்டூசி போதும்.

சத்தம் இல்லை என்றால் உடனே ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் இல்லாமல், இருபது நிமிஷம் கழித்து வந்தால் காயில் அல்லது கண்டென்சர். எலக்ட்ரானிக் யூனிட்டை எஞ்சின் தலைக்கு மேலே, காற்றுப் படாத மூலையில் கட்டியிருந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு வகை நிற்பது உண்டு, அது வேறு கதை. ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் இறங்கி, கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து நிற்கும். அது பிஸ்டன் பிடித்தது. அந்த இழுவை தெரிந்த நொடியிலேயே கிளட்சைப் பிடித்து, ஓரம் கட்டிவிடுங்கள். முக்கியமாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், பின்னால் கன்டெய்னர் வரும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்பதற்காக மறுபடி ஓட்டக் கூடாது. போர் இறுக்கமாக இருக்கலாம், கலவை மெலிந்திருக்கலாம், டைமிங் தப்பாக இருக்கலாம், ஆனால் இது கையால் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை. பிளாக்கைக் கழற்றி போர் கேஜ் வைத்து அளக்கிற பட்டறைக்கு நேராகப் போங்கள்.

அறிகுறி 5: ஓடுகிறது, இழுவை இல்லை

பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் உரசுகிறதா? அப்புறம் டாப் கியரில் ரேஸ் கொடுத்தால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, கேபிளில் லூஸ் விடுங்கள். சைலன்சரைக் கழற்றி உள்ளே பாருங்கள், எக்ஸாஸ்ட் வாயில் தூசி போகாமல் திணித்த துணியை எடுக்க மறந்து பைப்பை மாட்டியதை ஒரு தடவை கண்ணால் கண்டேன். இதெல்லாம் பார்க்கப் பத்து நிமிஷம்.

அடுத்தது ஆட்டோ அட்வான்ஸ், இந்த முறை எதிர்த்திசையில்: எடைகள் விரியவே இல்லை என்றால் வேகம் ஏற ஏற எஞ்சின் திணறும், சைலன்சர் சீக்கிரம் கொதிக்கும். சில எலக்ட்ரானிக் கிட்டுகள் இந்த யூனிட்டை அப்படியே பயன்படுத்தும், சில அதை எடுத்துவிடச் சொல்லும், கூட வந்த தாளைப் படியுங்கள்.

பிறகுதான் ஜெட். எந்த இடத்தில் திணறுகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆக்சிலரேட்டரின் முதல் கால் பங்குக்குள் என்றால் ஸ்லோ ஜெட், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஓட்டும்போதே தெரியும். முழுக்கத் திறந்து ஓடும்போது கொஞ்சம் குறைத்தால் வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் மெயின் ஜெட் போதவில்லை. இந்தச் சோதனையை 500 கிலோமீட்டர் ரன்னிங் முடியும் முன் செய்யாதீர்கள். பிளக்கின் நிறம் பிஸ்கட் மாதிரி இருந்தால் நல்லது, வெள்ளை வெளேரென்றால் கலவை மெலிவு, கரி படிந்தால் கலவை அதிகம், ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு என்றால் ஆயில்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை முன்னைவிட மெலியும், நம் கார்ப்ரேட்டருக்கு அதை உணர்ந்து சரிசெய்ய சென்சார் கிடையாது. ஃப்ரீ ஃப்ளோவும் திறந்த ஏர் ஃபில்டரும் அதை இன்னும் மெலிய வைக்கும். அதனால் பழைய மெயின் ஜெட் நம்பரைக் கேட்டு அதையே போடுவதில் அர்த்தமில்லை. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், மழைக்காலத்தில் ஒரு மாதம் நிறுத்திய வண்டி என்றால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்துவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் பைப் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் மாற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால் டைமிங் பினியன்களின் (கேமைச் சுற்றும் பல்சக்கரங்கள்) குறிகள் ஒரு பல் தள்ளி இருக்கலாம். டைமிங் கவரைத் திறக்கும் வேலை. உள்ளே இருக்கும் நட்டுகளுக்குரிய கருவியும் பழக்கமும் இல்லாமல் தொடாதீர்கள், ஒரு பல் தப்பினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

அறிகுறி 6: புகை

கறுப்பு என்றால் கலவை அதிகம், அறிகுறி 5க்குப் போங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய வெள்ளை வந்து மறைந்தால் அது ஈரம், கண்டுகொள்ள வேண்டாம்.

நீலம் என்றால் ஆயில். எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஒரு வாரம் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறைந்து, ஐந்து நிமிஷத்தில் நின்றால், ஆயில் பம்ப்பைத் தாண்டி கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கிறது. கிராங்க் கேஸ் வடிகால் போல்ட்டைத் திறந்து எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள். வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மூடி, மறுபடி திறக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வு கைடு. இழுவையில் தொடர்ந்து வந்தால் ரிங்.

ஆனால் ரிங் என்று முடிவு செய்யும் முன் ஆயில் மட்டத்தையும் பிரீத்தர் ரப்பரையும் பாருங்கள். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த ரப்பர் காற்றை வெளியே மட்டும் விட வேண்டும். நசுங்கியோ, பெயின்ட் ஒட்டியோ, வேறு பைப் மாட்டி மடங்கியோ இருந்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, ஆயில் எல்லா இணைப்பிலும் ஒழுகும், புகையும் வரும். புது கேஸ்கட் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் விரல் வைப்பது இங்கேதான்.

500 கிலோமீட்டர் வரை லேசான நீலத்துக்குப் பொறுமை வேண்டும். மினரல் ஆயிலில், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் உட்காரும். அதற்கு மேலும் குறையவில்லை என்றால் பிளாக் வெளியே வர வேண்டும். ரிங்கில் மேல் பக்கம் என்று போட்ட குறி கீழே பார்த்திருக்கலாம். அல்லது பிளாக்கை வாங்கி வந்த அன்றே தப்பு நடந்திருக்கலாம்: ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் நைஸாகத் தேய்ப்பது) முடித்த இரும்பு பிளாக்கை ஆயில் தடவாமல் கடற்கரைப் பக்கத்து வீட்டில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் உள்சுவர் செம்பழுப்பாகிவிடும். அதைத் துணியால் துடைத்துவிட்டு ரிங்கை இறக்கினால், அந்தத் துரு ரிங்கை எமரி மாதிரி தேய்த்துவிடும்.

அறிகுறி 7: சத்தம்

மேலே டிக் டிக்: டேப்பெட். கட்டிய எஞ்சின் இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறிய பிறகு ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்து இறுக்கி, டேப்பெட்டை மறுபடி வைக்க வேண்டும், ஹெட் உட்காரும்போது அளவு மாறும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடானால் மறைவது பிஸ்டன் ஆட்டம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இது இன்னும் கூடுதலாகக் கேட்கும், மறைந்தால் கவலை இல்லை.

இடது பக்கம் கறகறவென்றால் எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின், ஆட்டம் கால் அங்குலம் இருக்க வேண்டும். செயினைச் சுற்றிச் சுற்றி, இறுக்கமான இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

மேம்பாலம் ஏறும்போது டப்பாவில் மணல் குலுக்குகிற சத்தம் வந்தால் எஞ்சின் பிங் ஆகிறது, அதாவது உள்ளே கலவை தாறுமாறாக வெடிக்கிறது. உடனே ஆக்சிலரேட்டரைக் குறையுங்கள். டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பாருங்கள். ஹெட்டைத் தேய்த்துக் கம்ப்ரஷன் கூட்டியிருந்தால் அது தானாகக் குறையாது.

அடியிலிருந்து, இழுவையில் ஏறி வரும் கொட்டு மாதிரிச் சத்தம், காலில் அதிர்வோடு வந்தால் அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டக் கூடாது. குட்டியானை வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் வாடகை, உடைந்த கனெக்டிங் ராட் கிராங்க் கேஸைக் கிழிப்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கிராங்க் அழுத்துவதற்கு, வி பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஆட்டம் பார்க்கும் கடையை மட்டும் தேடுங்கள். சுத்தியலால் தட்டிக் கண்ணால் நேர் பார்ப்பவரிடம் கொடுத்தால், கைப்பிடி மரத்துப்போகிற அதிர்வோடு வண்டி திரும்பி வரும்.

லேத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால்

பிளாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிஸ்டனையும் ரிங்கையும் சேர்த்துக் கொடுங்கள். சைஸ் நம்பருக்குப் போர் போடக் கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதன் பெட்டியில் உள்ள தாளில் சொன்ன கிளியரன்ஸுக்குப் போட வேண்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே ரிங்கை போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள். 70 எம்எம் போருக்கு இடைவெளி ஏறக்குறைய 0.3 எம்எம். அதைவிடக் குறைந்தால் அங்கேயே ராவித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிளாக்கை வீட்டில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை மறுபடி மறுபடி கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். மாட்டும் வரை பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.